லவ்டேலிலிருந்து நீர்க்கரைகளுக்கு

சென்னைவாசி மாலைப் பொழுதில் மெரினாவுக்குப் போய்க் காற்று வாங்குகிறார். திருச்சிக்காரர் ஞாயிற்றுக்கிழமையன்று புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு குடும்ப சகிதமாக முக்கொம்புக்கோ கல்லணைக்கோ கிளம்புகிறார். கீழத் தஞ்சைக்காரருக்கு வேளாங்கண்ணியும் தரங்கம்பாடியும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. கடலும் பேராறும் எட்டாத 7,000 அடி உயரத்தில், கேத்திப் பள்ளத்தாக்கின் மேல்விளிம்பில், 1858-இல் நிறுவப்பட்ட லாரன்ஸ் பள்ளியின் மணிக்கூண்டையும் ஒரு சிறிய மலைரயில் நிலையத்தையும் அடையாளமாகக் கொண்டிருக்கும் லவ்டேலில் வசிப்பவர், அல்லது அங்கே நான்கு நாள் விருந்தினராக வந்து தங்கியவர், ஒரு பகற்பொழுதை நீர்க்கரையில் கழித்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டுமென்று விரும்பினால் எங்கே போவது? நீலகிரி இதற்குத் தாராளமாகவே விடை தருகிறது. அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஏரி முதல், விடிந்ததும் புறப்பட்டு அந்தி சாயத் திரும்ப வேண்டிய ஜலாசயங்கள் வரை, திசைக்கு ஒன்றாக இருக்கின்றன.

இவற்றைப் பற்றி முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இக்கட்டுரையில் நாம் போய்க் கரையில் உட்காரப்போகும் ஏரிகளில், இயற்கை தானாகவே தோண்டித் தானாகவே நிரப்பியது ஒன்றுகூட இல்லை. எல்லாமே ஓடையை மறித்து, ஆற்றை மறித்து, மனிதர் கரை கட்டித் தேக்கியவை. அவற்றுள் மலைமேல் உள்ள பெரியவை அனைத்தும் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டவை. மேற்கே அரபிக்கடலிலிருந்து எழுந்து வரும் மேகம் மலைமேல் மழையாக விழுந்து, மறுபடியும் கீழே இறங்கிச் சமவெளிக்குப் போகும் நீண்ட பிரயாணத்தில், அந்த நீர் சிறிது காலம் தங்கிச் செல்லும் இடங்களே இவை. அந்த நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதை அறிந்து போகிறவனுக்கு அந்தக் கரை காட்டும் காட்சி, அறியாமல் போகிறவனுக்குக் காட்டும் காட்சியைவிடப் பன்மடங்கு பெரிது என்பது என் உறுதியான எண்ணம்.

அருகில் இருப்பதிலிருந்தே தொடங்குவோம். லவ்டேலில் மலைரயில் ஏறினால், கற்பூர மரங்களின் வாசனை மூக்கைத் துளைக்க, வளைந்து வளைந்து சென்று, உதகை ஏரியின் ஓரமாகவே ஓடி, ஊட்டி நிலையத்தில் கொண்டுபோய் விடும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இல் வந்த பாதை, 1908-இல் உதகமண்டலத்தை எட்டியது. 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அந்த ஏரியோ உதகைக்கு வந்த ரயிலைவிட எண்பது ஆண்டுக்கு மேல் மூத்தது. கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன், 1819-இல் முதன்முதலாக இம்மலைமேல் ஏறி வந்து, 1822-இல் தமக்கென்று கல்வீடு கட்டத் தொடங்கி, அதற்கு அடுத்த ஆண்டே, மலையோடைகள் வந்து சேரும் பள்ளத்தில் கரை எழுப்பும் வேலையை ஆரம்பித்தார். அன்றைய ஏரி இன்றைய ஏரியைப் போல் இரு மடங்குக்கு மேல் நீண்டிருந்தது. இன்று பேருந்து நிலையம் இருக்கும் இடமும் குதிரைப் பந்தய மைதானம் இருக்கும் இடமும் அந்நாளில் தண்ணீர் நின்ற இடங்கள். ஊர் வளர வளர ஏரி சுருங்கி, ஏறத்தாழ 65 ஏக்கரில் வந்து நின்றிருக்கிறது.

1973-இல் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் இங்கே படகு இல்லம் அமைத்தது. மிதி படகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு என்று வகைக்கு ஒன்று ஓடுகிறது. சித்திரை வைகாசிகளில், பள்ளி விடுமுறை நாட்களில், டிக்கெட் வாங்க நிற்கும் வரிசை சாலை வரை நீள்கிறது. குழந்தைகள் மகிழ்ந்து போகும் இடம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், நகரத்தின் நடுவே ஓடிவரும் கோடப்பமந்துக் கால்வாய் ஊரின் கழிவுகளையெல்லாம் சுமந்துகொண்டு இந்த ஏரியில்தான் வந்து கலக்கிறது என்பதையும், தூர் வாருவதும் ஆகாயத்தாமரையை அள்ளுவதும் முடிவில்லாத வேலையாக நடந்துகொண்டிருக்கிறது என்பதையும் மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. குடிநீருக்கும் பாசனத்துக்கும் ஆகுமென்று எண்ணித் தேக்கிய நீர், கை நனைக்கக்கூடத் தயங்கும் நிலைக்கு வந்திருப்பது இந்த மலைக்கு நேர்ந்த பெரிய துயரம். ஆகவே, காலைப் பனி விலகுமுன் ஏரியைச் சுற்றியுள்ள சாலையில் ஒருமுறை நடந்துவிட்டு, படகு வேண்டுமென்பவர்களைப் படகில் ஏற்றிவிட்டு, மேற்கு நோக்கிப் புறப்படுவதே உத்தமம்.

உதகையிலிருந்து கூடலூர்ச் சாலையில் 10 கிலோமீட்டர் போனால் தலைகுந்தாவை அடுத்துக் காமராஜ் சாகர் அணை. சாண்டிநல்லா என்பது அதன் பழைய பெயர். பெரியவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். இங்கே படகும் இல்லை, கடைத்தெருவும் இல்லை. பைன் மரக்காட்டின் ஊடே இறங்கிப் போய், நீரின் விளிம்பைப் பார்த்தபடி நிற்கலாம். மார்கழி தை மாதங்களில் இந்தப் புல்வெளிகளில் உறைபனி விழும். ஐப்பசி கடைசியில் வெறும் நீர்ப்பனியாகத் தொடங்கி, வானம் நிர்மலமாக இருக்கும் இரவுகளில் குளிர் ஏற ஏற உறைபனியாக மாறி, விடிகாலையில் அணைக்கரைப் புல்லெல்லாம் உப்பு விளைந்தாற்போல் வெளுத்துக் கிடக்கும். தேயிலைக்காரர்களுக்கும் காய்கறி விவசாயிகளுக்கும் அது நெஞ்சைக் கலக்கும் காலம். கொழுந்தைத் தென்னங்கீற்றாலும் தாகைச் செடியாலும் மூடிக் காப்பாற்றுவார்கள். பார்க்க வருகிறவர் சூரியன் ஏறுவதற்குள் வந்துவிட வேண்டும். எட்டு மணிக்கெல்லாம் அந்த வெண்மை கரைந்து வெறும் ஈரமாகிவிடும்.

அதே சாலையில் மேலும் 10 கிலோமீட்டரில் பைக்காரா. முக்கூர்த்திச் சிகரத்தின் பக்கமாகப் பிறந்து வடக்கு நோக்கி ஓடும் இந்த ஆறு, பாறைகளின் மேல் படிப்படியாக விழுவதை ஓரிடத்திலும், அணைக்குள் அகன்று நிற்பதை மற்றோரிடத்திலும் காணலாம். படகு இல்லம் இருப்பது அணைப்பக்கம். உதகை ஏரிப் படகுக்கும் இதற்கும் உள்ள பேதம், நகர ஓசைக்கும் காட்டின் மௌனத்துக்கும் உள்ள பேதம். இரு கரையிலும் சோலைகள் நீர்மட்டம் வரை இறங்கி வந்து நிற்கின்றன. இந்த ஆற்றின் நீரைக் குழாய்களில் அடைத்து 3,000 அடிக்கு மேற்பட்ட செங்குத்தான சரிவில் இறக்கி, சிங்காராவில் சக்கரங்களைச் சுழற்றி, 1932-இல் மின்சாரம் எடுத்தார்கள். தென்னாட்டின் முதன்மையான நீர்மின் நிலையங்களில் ஒன்று அது. அந்த மின்சாரம் கோயம்புத்தூருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்நகரத்துப் பஞ்சாலைகள் ஒன்று பத்தாகப் பெருகின. கோவையில் ஒரு தலைமுறை நூற்ற நூலிலெல்லாம் இந்த மலையாற்றுக்குப் பங்கு உண்டு.

ஆனால் பைக்காராவை மின்சாரத்துக்கு முன்பே அறிந்து போற்றியவர்கள் இம்மலையின் பழங்குடியினரான தோடர்கள். அவர்களுக்கு இந்த ஆறும் அவலாஞ்சி ஆறும் தெய்வங்கள். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் தோடரிடையே தங்கி ஆராய்ந்து 1906-இல் வெளியிட்ட பெரிய நூலில் ஒரு வழக்கத்தைக் குறித்திருக்கிறார். தோடர் ஒருவர் இந்த ஆற்றைக் கடக்கும்போது, உடம்பைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் பூத்துக்குளியிலிருந்து வலது கையை வெளியே எடுத்து, தோளை வெறுமையாக்கிக்கொண்டு கடப்பார். தங்கள் கோயிலாகிய பால்மனையின் முன்பும் பெரியவர்களின் முன்பும் காட்டும் மரியாதையை அவர் ஆற்றுக்கும் காட்டுகிறார். சில கிழமைகளில் ஆற்றைக் கடப்பதே இல்லை. பிற்காலத்தில் அணைகள் எழுந்தபோது, அவர்களுடைய புனித இடங்கள் சில நீருக்கடியில் போயின. படகு இல்லத்தின் டிக்கெட் சாளரத்தருகே இந்தச் செய்தியை நாலு வரியில் எழுதி வைத்தால், வருகிறவர்களில் பத்தில் ஒருவராவது படகில் ஏறுமுன் ஒரு கணம் நின்று அந்த நீரை வேறு விதமாகப் பார்ப்பார் என்று நம்புகிறேன்.

இனி, லவ்டேல்காரருக்கு உண்மையாகவே உரிய திசைக்கு வருவோம். அது தென்மேற்குத் திசை, மஞ்சூர்ச் சாலை. பாலாடா, முத்தோரை, இத்தலார் என்று ஊர்கள் வரும். உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருப்பது முத்தோரையில். சாலையின் இரு பக்கத்திலும் படுகர் ஊர்களாகிய ஹட்டிகளும், படிப்படியாக வெட்டிய காய்கறித் தோட்டங்களும், ஓடையோரத்தில் கேரட் கழுவும் இயந்திரங்களும் கண்ணில் படும். விடியுமுன் தோண்டிய கேரட்டை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினால், பெரிய பீப்பாய் போன்ற இயந்திரம் சுழன்று சுழன்று அதைப் புரட்ட, செம்மண் கரைந்த நீர் கால்வாயில் ஓட, மறுபக்கத்தில் ஆரஞ்சு நிறம் பளபளக்கக் கேரட் வந்து விழும். ஈரம் உலருமுன் மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி கிளம்பிவிடும். வண்டியை ஓரமாக நிறுத்திப் பத்து நிமிஷம் இதைப் பார்ப்பது வீண்போகாது. அந்தச் செந்நிற நீரும் கீழே ஓர் ஓடையில் சேர்ந்து, ஓர் அணையில் போய்த் தங்கப்போகும் நீரே.

எமரால்டு ஏரியைச் சாலை வளைவில் முதலில் காணும்போது, அது ஓர் ஏரிதானா, பல ஏரிகளா என்ற மயக்கம் உண்டாகும். பள்ளத்தாக்குகள் எத்தனை கிளையாகப் பிரிகின்றனவோ அத்தனை கிளையாக நீரும் உள்ளே புகுந்து, மேடுகளையெல்லாம் தீபகற்பங்களாக்கி நிற்கிறது. இதுவும் அவலாஞ்சியும் இரட்டை அணைகள். 1960-களின் தொடக்கத்தில், கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாடு உதவி புரிய, குந்தா நீர்மின் திட்டத்துக்காக எழுந்தவை. இங்கே தேங்கும் நீர், குகைவழிகள் வழியாக மலையைத் துளைத்துக்கொண்டு போய், குந்தா, கெத்தை, பரளி, பில்லூர் என்று நிலையம் நிலையமாக இறங்குகிறது. ஒரே நீர் ஒவ்வொரு படியிலும் ஒருமுறை சக்கரம் சுழற்றிவிட்டு அடுத்த படிக்குப் போகிறது. பில்லூரை அடைந்த பிறகு அதில் ஒரு பங்கு கோயம்புத்தூர் மக்களின் குடிநீர்க் குழாய்க்குள் போகிறது. இப்போது இந்த அமைப்போடு புதிதாக ஒன்றும் சேர்கிறது. மின்சாரம் மிகுதியாகக் கிடைக்கும் வேளையில் அவலாஞ்சி-எமரால்டு நீரை மேலே இருக்கும் போர்த்திமந்து அணைக்கு ஏற்றி, தேவைப்படும் வேளையில் மறுபடி இறக்கி 500 மெகாவாட் எடுக்கும் திட்டம் அது.

எமரால்டிலிருந்து அவலாஞ்சி. உதகையிலிருந்து கணக்கிட்டால் 28 கிலோமீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கே நேர்ந்த ஒரு பெரிய மண்சரிவே இந்தப் பெயருக்குக் காரணம். வனத்துறையின் எல்லைக்குள் நம்முடைய வண்டி போகக்கூடாது; சோதனைச் சாவடிக்கருகே கட்டணம் செலுத்தி, அவர்களுடைய வாகனத்தில் ஏறிக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டை முணுமுணுப்போடு ஏற்பவர்கள் உண்டு. நான் மனப்பூர்வமாக ஏற்கிறேன். அது இல்லாதிருந்தால் அவலாஞ்சியின் சோலைக்காடு இன்று இருக்கும் கோலத்தில் இராது. அடர்ந்து, குட்டையாக, பாசி போர்த்திய மரங்கள் பள்ளங்களில் மட்டும் திரண்டு நிற்க, அவற்றைச் சுற்றி மேடெல்லாம் புல்வெளி விரிந்து கிடக்கும் இந்த அமைப்பு, உலகத்தில் அபூர்வமானது. புல்வெளியில் ஆங்காங்கே காட்டுப்பூவரசு தனித்து நின்று செக்கச்செவேலென்று பூக்கும். 1907-இல் அமைத்த டிரவுட் மீன் பண்ணையும் இங்கே உண்டு. டிரவுட் குளிர்நாட்டு மீன். நீர் வெதுவெதுப்பானால் அதற்குப் பிழைப்பில்லை. பிராணவாயு நிறைந்த ஓடும் தண்ணீர் வேண்டும். கல்தொட்டிகளில் ஓடையைத் திருப்பிவிட்டு அதை வளர்க்கிறார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அது இங்கே உயிரோடிருப்பதே இந்த நீரின் குளிர்ச்சிக்கும் தூய்மைக்கும் தக்க நற்சான்று.

அந்தத் தூய்மைக்குக் காரணம் அணையின் சுவர் அன்று. மேலே இருக்கும் புல். தென்மேற்குப் பருவமழை மேற்கு விளிம்பில் மோதிக் கொட்டும்போது, 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதைப் போல அடங்காமல் பெய்தாலும், சாதாரணமாக ஆடிச் சாரலாகத் தூறினாலும், புல்வேரும் அதன்கீழ் உள்ள கரிய மண்ணும் சோலையின் சருகுப் படுகையும் முடிந்த மட்டும் நீரை உள்ளே வாங்கிக்கொண்டு, அறுவடைக் காலத்தில் நிரம்பி ஆண்டு முழுவதும் படியளக்கும் நெற்குதிர் போல, மழையற்ற மாசி பங்குனியிலும் ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வருகின்றன. இதை உணராமல், விறகுக்கென்றும் தோல் பதனிடும் பட்டைக்கென்றும் சீகை மரத்தையும், அதனோடு கற்பூர மரத்தையும் பைன் மரத்தையும் புல்வெளிகளில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நட்டு வந்தார்கள். சீகை மஞ்சளாகப் பூத்து நிற்பதைக் கண்டு பிரயாணிகள் புகைப்படம் எடுக்கிறார்கள். நிலத்து நீரை உறிஞ்சி, தன் நிழலில் புல் முளைக்க விடாமல், விதை பரவிய இடத்தையெல்லாம் அது சொந்தமாக்கிக்கொள்வதை அந்தப் படம் காட்டாது. சீகையை அகற்றிப் புல்லை மீட்கும் வேலை சில இடங்களில் நடந்து வருகிறது. அது பெருக வேண்டும்.

அவலாஞ்சிக்கும் அப்பால் அப்பர்பவானி. பவானி ஆற்றின் தலைநீரை மறித்த அணை. அதற்கப்புறம் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு. அனுமதி கிடைக்கும் காலத்தில் அங்கே போகிறவர்கள் திரும்பும் நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எப்போது போவது என்பதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். சமவெளியின் வெயில் தாளாமல் ஏப்ரல் மே மாதங்களில் மலையேறி வருகிறார்கள். அணைகளில் நீர் மிகவும் இறங்கியிருக்கும் காலம் அதுவே. மின்சாரத்துக்கு எடுத்தது போக மீதி நீர் நடுவில் ஒதுங்க, சுற்றிலும் பட்டை பட்டையாகச் செம்மண் கரை வெளிப்பட்டுக் கிடக்கும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை ஏரி நிரம்பும். ஆனால் மேற்குப் பக்கத்தில் மழையும் மூடுபனியும் மரம் விழுதலும் மண் சரிதலும் வழியை மறிக்கும். மழை ஓய்ந்து, நீர் விளிம்பு வரை நின்று, புல் பசுமை மாறாதிருக்கும் புரட்டாசிக் கடைசியிலிருந்து தை வரையிலான காலமே நீர்க்கரைக்கு ஏற்றது. வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தை நனைக்கும் நாட்களிலும் எமரால்டுப் பக்கம் பல சமயம் வெளிச்சமாகவே இருக்கும். மலையின் இரு பாதிக்கும் இரு மழைக்காலம் என்பது இந்த ஜில்லாவின் விசேஷம்.

அபாயங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நீலகிரியின் எந்த அணையிலும் இறங்கி நீந்தக்கூடாது. கடற்கரையைப் போல மெல்ல ஆழமாகும் இடமில்லை. பள்ளத்தாக்கின் சரிவே கரையாக இருப்பதால் இரண்டடிக்கு அப்பால் ஆள் ஆழம். அடியில் சேறு, காலை வாங்க முடியாது. நீரின் குளிர் திடீரென்று மார்பைப் பிடிக்கும்போது நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கே மூச்சு முட்டும். பைக்காரா அருவிப் பாறைகள் பாசியால் வழுக்குபவை. அணையைத் திறந்தால் வெள்ளம் முன்னறிவிப்பின்றி உயரும். எச்சரிக்கைப் பலகையைத் தாண்டிப் போய் உயிரிழந்த இளைஞர்கள் பலர். கரையோரப் புல்லில் காட்டெருமை மேய்ந்துகொண்டிருந்தால் விலகி நிற்பதே முறை.

வெளியூர் வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் பதிவு செய்ய வேண்டும்; சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு அது. பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்கு இம்மலையில் தடை உண்டு. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாத்திரத்திலேயே ஆகாரமும் தண்ணீரும் கொண்டுபோவது சௌகரியம். எமரால்டு தாண்டினால் டீக்கடைகளும் அரிது. குளிருக்கு வர்க்கியும் சூடான டீயும் வேண்டுமென்பவர்கள் எமரால்டுக் கடைத்தெருவிலேயே முடித்துக்கொள்ளலாம்.

மலைமேல் உள்ள கரைகளையெல்லாம் பார்த்தவர்கள், மலையிறங்கும் நாளில் மேட்டுப்பாளையத்திலிருந்து கிழக்கே திரும்பிப் பவானிசாகரையும் பார்த்துவிட வேண்டுமென்பது என் வேண்டுகோள். பைக்காரா மாயாறாகி முதுமலைக் காட்டையும் பெரும் பள்ளத்தையும் கடந்து ஒரு பக்கமாக வருகிறது. அவலாஞ்சி, எமரால்டு நீர் பில்லூர் வழியே பவானியோடு மறுபக்கமாக வருகிறது. இரண்டும் கலக்கும் இடத்தில் 1955-இல் முடிந்த மண் அணை, எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, 105 அடி உயரத்துக்கு நீரைத் தாங்குகிறது. அங்கிருந்து கிளம்பும் கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, ஈரோட்டுச் சீமையில் 2 லட்சம் ஏக்கருக்கு மேல் நெல்லும் கடலையும் மஞ்சளும் விளைவிக்கிறது. அணையின் கீழே பூங்கா இருக்கிறது. ஆடிப்பெருக்கன்று கூட்டம் தாங்காது. வாசலுக்கு எதிரே வரிசையாக உள்ள கடைகளில், அணையில் பிடித்த மீனை மசாலா தடவிக் கண்ணெதிரே வறுத்துத் தருகிறார்கள். நண்பகலுக்கு முன்னே போனால் நல்ல மீனாகக் கிடைக்கும்.